வருடாந்தக் கூட்டக் குறிப்பு, வினிபெக்

பெப்ரவரி, இரண்டாம் ஞாயிறு.
வெளியே மைனஸ் முப்பத்துநாலு.
உக்ரேனியர் ஆராதனை முடித்துப் போன மண்டபம்,
முட்டைக்கோஸ் வாசம் இன்னும் எழும்பவில்லை.
சமூகம் தந்தோர் நாற்பத்தொருவர்.
குறிப்பு எடுப்பது நான்.
பதினொரு வருடமாக நான்.
என்னைத் தெரிவு செய்ததாக
எந்த வருடக் குறிப்பிலும் இல்லை.

வேத வாசிப்பு: செலொப்பியாத்தின் மகள்மார்.
தகப்பன் வனாந்தரத்தில் செத்தான், ஆண்பிள்ளை இல்லை,
காணி யாருக்கு என்று கேட்க
மோசேக்கு முன், ஆசாரியனுக்கு முன்,
சபை முழுவதற்கும் முன்
கூடார வாசலில் வந்து நின்ற ஐந்து பேர்.
வாசித்தவர் பெயர்களில் தடக்குப்பட்டார்:
மக்லாள், நோவாள், ஒக்லாள்,
மில்காள்,
திர்சாள்.
ஆமென் சொன்னோம். தேநீர் வந்தது.

முதலாம் விடயம், தலைவர் பதவி.
முன்மொழியப்பட்ட பெயர் நேசமலர் தேவதாஸ்.
தொழில், நகரப் பேருந்துச் சாரதி.
எதிர்த்துப் பேசியவர் திரு. அருமைநாயகம்:
"சபையில ஆம்பிளை ஆள் ஒருத்தரும் இல்லையோ?"

அந்தச் சொல்லில் என் பேனா நின்றுவிட்டது.

ஆள்.
இங்கே பிறந்த பிள்ளைகள் ஆங்கிலத்தில் வாசிக்கையில்
தெபோரா ஒரு மூச்சுக்காற்றாக முடிந்துபோகிறாள்.
எங்களுக்கு அவள் தெபொராள்.
எந்த மேசையிலோ, எந்த விளக்கிலோ,
எபிரேயப் பெயர்களைத் தமிழுக்குக் கூட்டிவந்த யாரோ
பெண்பால் விகுதி என்று ஒட்டிவிட்ட வால்.
சாராள், லேயாள், அன்னாள், உல்தாள்.
ஒட்டியவருக்குத் தெரியுமோ தெரியாதோ,
ஆள் என்றால் மனிதர்.
ஆள் என்றால் ஏவல்:
நாட்டை ஆள், வீட்டை ஆள், இதையும் ஆள்.

உல்தாளிடம் ராஜா ஐந்து ஆண்களை அனுப்பினான்,
பிரதான ஆசாரியனும் அதில் ஒருவன்.
கண்டெடுத்த சுருள் என்ன சொல்கிறது என்று
அவள் வீட்டுக்குப் போய்க் கேட்டார்கள்.
எங்கள் நிர்வாகக் குழுவிலும் ஆண்கள் ஐவர்தான்.
எண்ணிக்கை பொருந்துகிறது. மற்றது பிறகு.

யாகேலுக்கு அந்த வால் கிடைக்கவில்லை.
ரூத்துக்கும் இல்லை.
யாகேல் கேட்டுக்கொண்டு நிற்கவுமில்லை,
கூடார ஆணியை எடுத்தாள், அறைந்தாள்.
பெயரில் இல்லாதது வினையில் இருந்தது.

நான் வழமையாக "ஆர்" போட்டு எழுதுகிறவள்.
முன்மொழிந்தார், வழிமொழிந்தார், நன்றி கூறினார்.
மரியாதைக்கு ஒரு குறையும் வைத்ததில்லை.
இன்றைக்கு அந்த "ஆர்"
யாரைக் கண்டாலும் எழும்பிக் கதிரை கொடுக்கிற
பிள்ளை மாதிரி இருந்தது.

நேசமலர் பேச எழும்பவில்லை.
கோப்பைகளைக் கழுவவும் போகவில்லை.
அதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும்:
பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவையாக
கழுவும் தொட்டி காலியாக நின்றது,
எல்லாரும் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வாக்கெடுப்பு மார்ச்சுக்குத் தள்ளிவைக்கப்பட்டது.
காரணம் பதியப்படவில்லை.

ஐந்து மணிக்கு இருட்டிவிட்டது.
வாகனத் தரிப்பிடத்தில் செருகுவாய்கள்
மண்டபச் சொந்தக்காரருக்கு மட்டும்,
வாடகைக்காரர் எங்கள் எஞ்சின்கள் உறைந்து கிடந்தன.
திரு. அருமைநாயகத்தின் கார் இருமிற்று, பிறகு அதுவும் இல்லை.
நேசமலர் தன் வாகனத்தை மூக்கோடு மூக்கு நிறுத்தினாள்.
சிவப்பு வயர், கறுப்பு வயர்.
கையுறையைப் பல்லால் கழற்றி
கவ்விகளைப் பூட்டினாள்.
"இப்ப திறப்பைத் திருப்புங்கோ."
திருப்பினார்.
"கொஞ்சம் பொறுங்கோ. அமத்தாதேங்கோ."
பொறுத்தார்.
"இனி எடுங்கோ."

எடுத்தார்.

இது கூட்டம் முடிந்த பிறகு நடந்தது,
குறிப்பில் சேராது.
பக்கத்தின் அடியில் இரண்டு வரி இடம் மிச்சமிருந்தது.
கை விறைத்திருந்தது.
எழுதினேன்:
பதிந்தவள்,
அதன் கீழே என் பெயர்.